காரணம் கூறா மறுப்பு: பொது நூலகக் கொள்முதலும் சர்ச்சைக்குரிய வெகுசனப் புனைகதையும்

முன்னுரை

பொது நூலகத்திற்கு நூல் வாங்குதல் ஓர் அலுவலக நடைமுறையாகவே பெரிதும் கருதப்படுகிறது. விண்ணப்பம், மாதிரிப் படி, பக்க அளவு, தாளின் தரம், விலை என்னும் வரிசையில் அது நடந்து முடிகிறது. ஆயின் எந்நூலை வாங்குவது, எந்நூலை விடுவது என்னும் முடிவு கணக்கர் எடுக்கும் முடிவன்று. அது ஒரு திறனாய்வுத் தீர்ப்பு. தீர்ப்பு எனின் அதற்குக் காரணம் இருத்தல் வேண்டும்; காரணம் எழுதப்படுதலும் வேண்டும். தமிழ் நூற்கொள்முதல் வரலாற்றில் நெடுங்காலமாக இவ்விரண்டாவது நிகழவில்லை. தேர்வு பெற்ற நூல்களின் பட்டியல் வெளிவரும். விடுபட்ட நூல் ஏன் விடுபட்டது என்பதை அதன் ஆசிரியரும் அறியார், பதிப்பகத்தாரும் அறியார், அந்நூலைக் கேட்டு நூலக மேசைக்கு வந்து நிற்கும் வாசகரும் அறியார்.

இந்த மௌனத்தால் மிகுதியும் பாதிக்கப்படுவது சர்ச்சைக்குள்ளான வெகுசனப் புனைகதையே. தீவிர இலக்கியம் தாக்கப்படும்போது அதற்காகப் பேசச் சிற்றிதழ்கள் உள்ளன, எழுத்தாளர் அமைப்புகள் உள்ளன. துப்பறியும் நாவலுக்கோ குடும்ப நாவலுக்கோ பேசுவார் இல்லை. அவை பேசத் தகுதியற்றவை என்று கற்பித்ததில் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளுக்கும் பங்குண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அவையில் சொல்லப்பட்ட தடை

நூலை ஏற்பதும் மறுப்பதும் தமிழ் மரபுக்குப் புதியன அல்ல. அரங்கேற்றம் என்னும் நிறுவனமே ஒரு தேர்வுமுறைதான். கச்சியப்பர் குமரகோட்டத்தில் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது முதற் செய்யுளின் முதற்சீரிலேயே புணர்ச்சி விதி பற்றித் தடை எழுப்பப்பட்டது என்பதும், வீரசோழியத்தில் அதற்கு விதி காட்டப்பட்ட பின்னரே அரங்கேற்றம் தொடர்ந்தது என்பதும் மரபுவழிக் கதை. தருமிக்குப் பாட்டெழுதித் தந்தவன் இறைவனே ஆயினும், குற்றம் இன்னது என்று நக்கீரர் அவையறியச் சொன்னார் என்பது திருவிளையாடல் கதை. இவை வரலாறு ஆகுமா என்பது வேறு வினா. தடை கூறுவோன் அவையில் நின்று கூற வேண்டும், விடை கூறுவோனுக்கு வாய்ப்பு அளிக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பை இக்கதைகள் காட்டுகின்றன என்பது மட்டுமே ஈண்டுக் கருதத்தக்கது.

நன்னூலார் நூற்குற்றங்களைப் பத்து என எண்ணிப் பெயரிட்டு வகுத்தார். குறைபடச் சொல்லுதல், மிகைபடச் சொல்லுதல், முன்பின் முரண்படுதல், பயனின்றி நீளுதல் என அவை விரியும். சர்ச்சை எழுப்புதல் என்பது அப்பத்தனுள் ஒன்றன்று. இன்றைய தேர்வுக் குழுக்களோ பெயரிடப்படாத பதினொன்றாம் குற்றம் ஒன்றை மனத்துள் வைத்திருக்கின்றன. 'இதனால் வம்பு வருமோ' என்னும் அச்சமே அக்குற்றத்தின் இலக்கணம். அது எழுத்தில் வாராது. ஆதலின் அதற்கு விடை கூறவும் இயலாது.

இந்தியா விடுதலை பெற்ற பின்னர் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டமாகும். எஸ். ஆர். ரங்கநாதன் அதற்கு அடிப்படை அமைத்தார். அச்சட்டத்தின் சிறப்பு நூலக வரி. சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் இவ்வரி இன்று ரூபாய்க்கு 10 காசு என்னும் அளவில் உள்ளது. வீட்டு உரிமையாளர் செலுத்தும் இவ்வரி வாடகையில் ஏறிக் குடியிருப்போர் தலையிலும் விழுகிறது என்பதை விளக்க வேண்டுவதில்லை. சிலப்பதிகார ஆய்வு படிக்கும் பேராசிரியரும் இராஜேஷ்குமாரின் நாவலைத் தேடும் தையல் தொழிலாளியும் ஒரே விகிதத்தில் இவ்வரியைச் செலுத்துகின்றனர். வாசகர் எவராயினும் அவருக்குரிய நூல் நூலகத்தில் இருத்தல் வேண்டும் என்பது ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளின் உயிர்நாடி. அவ்விதிகளை நூலகவியல் மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். கொள்முதல் அறைக்குள் அவை நுழைவதில்லை.

1954-ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி வெளியாகும் நூலின் படிகள் சென்னைக் கன்னிமரா நூலகத்திற்கும் கொல்கத்தா தேசிய நூலகத்திற்கும் மும்பை, தில்லி நூலகங்களுக்கும் செல்ல வேண்டும். ஆகவே மறுக்கப்பட்ட நூல் முற்றிலும் அழிந்து போவதில்லை. எங்கோ ஓர் அலமாரியில் பாதுகாக்கப்படுகிறது. இதனைக் காட்டி, "நூல்தான் இருக்கிறதே" என்று வாதிடுவோர் உண்டு. காப்பகத்தில் ஒரு படி இருப்பது ஆய்வாளனுக்குப் போதும். ஊர்ப்புற நூலகத்தில் மாலை வேளையில் வந்து அமரும் வாசகனுக்கு அதனால் யாது பயன்? மாத இதழ் என்னும் வடிவில் பெட்டிக்கடைகளிலும் பேருந்து நிலையங்களிலும் விற்ற மாத நாவல்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. பெருவாரியான மக்கள் படித்த அவை 'நூல்' என்னும் வரையறைக்கே புறத்தே நிறுத்தப்பட்டன. அவ்வாசகர்களுக்கு நூலகப் பணி ஆற்றியவை தெருமுனை வாடகை நூலகங்களே. அரசு செய்ய மறுத்ததை நாள் வாடகைக்குச் செய்த அக்கடைகளைப் பற்றித் தமிழில் எத்தனை ஆய்வேடுகள் உள்ளன என்று தேடிப் பார்ப்பது நன்று.

அரண்மனைச் சிருங்காரமும் வாடகை வீட்டுச் சிருங்காரமும்

மறுப்புக்கு வாய்மொழியாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: தரமின்மை, ஆபாசம். இவ்விரண்டும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றனவா என்பதே முதலில் நோக்கத்தக்கது.

சாண்டில்யனின் 'யவன ராணி', 'கடல் புறா' ஆகியவை குமுதத்தில் தொடராக வந்து பெரும்புகழ் பெற்றவை. அவர்தம் பெண் வருணனைகள் பக்கம் பக்கமாக நீள்பவை. அவற்றைக் குறைகூறாத திறனாய்வாளர் அரியர். எனினும் நூலகங்களில் அவர் நூல்கள் தடையின்றி இடம்பெற்றுள்ளன. அட்டை கிழிந்து, தைத்து ஒட்டப்பட்டு, மீண்டும் கிழிந்து கிடக்கும் நூல்கள் பெரும்பாலும் அவருடையனவும் கல்கியுடையனவுமே. இது மகிழத்தக்கது. ஆனால் நாயகன் படைத்தலைவனாகவும் நாயகி இளவரசியாகவும் இருந்தால் வருணனை 'சிருங்காரம்' எனப்படுகிறது. அதே வருணனை வாடகை வீட்டில் குடியிருக்கும் தட்டச்சுப் பெண்ணைப் பற்றி அமைந்தால் 'ஆபாசம்' எனப்படுகிறது. இவ்வேறுபாட்டுக்கு இலக்கியக் கொள்கை எதுவும் அடிப்படையாக இல்லை. காலத்தின் தொலைவும் அரண்மனையின் மதிலும் தரும் பாதுகாப்பு உணர்ச்சியே அடிப்படை.

தமிழ்த்துறைகள் இதில் வாய் மூடியிருப்பது வியப்பன்று. விறலிவிடு தூது நூல்களைப் பதிப்பித்தும் பாடம் சொல்லியும் வந்த துறைகள் இவை. பரத்தையர் இல்லத்தில் பொருளிழந்த தலைவனின் கதை செய்யுளில் அமைந்தால் அது சிற்றிலக்கியம். பாடபேதம் காட்டலாம், அடிக்குறிப்பு எழுதலாம். உரைநடையில் அமைந்து, அட்டையில் வண்ணப்படமும் சேர்ந்துவிட்டால் அது குப்பை.

நாவலின் மீதான இந்த ஐயம் பழமையானது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் நாவல்கள் பரவியபோது, அவை இளைஞரையும் பெண்டிரையும் கெடுக்கும் என்னும் கூக்குரல் எழுந்தது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' (2002) இவ்வரலாற்றை விரிவாகக் காட்டுகிறது. அக்கூக்குரலுக்கு அஞ்சி அந்நாளைய நாவல்களை எவரும் பாதுகாவாது விட்டிருந்தால் அவ்வாய்வுக்கே மூலம் கிடைத்திராது.

சர்ச்சை தணிந்தபின் மதிப்பு வருவதற்கும் சான்றுகள் உள. 1966-இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. அக்கதையின் முடிவை மாற்றி அதிலிருந்து வளர்த்தெடுத்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. பெரும் வாசகப் பரப்புள்ள வார இதழ் ஒன்றில் பிறந்த சர்ச்சைதான் அப்பரிசுக்கு வித்து. சுஜாதா குமுதத்தில் தொடங்கிய 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' சமூக எதிர்ப்பால் இடையில் நின்றது. பின்னர் அது 'ரத்தம் ஒரே நிறம்' என வேறு வடிவில் எழுதப்பட்டது. இன்று அது ஐயத்திற்கு இடமற்ற வரலாற்று நாவலாக விற்கிறது. பரிசு கிடைத்த பின்னரும் பகை தணிந்த பின்னரும் வாங்குவதற்குத் தேர்வுக் குழு எதற்கு? அதற்குப் பரிசுப் பட்டியலே போதும்.

தேர்வா, தணிக்கையா

இவ்வினாவை மிகுதியும் எழுத்தில் விவாதித்தவர்கள் அமெரிக்க நூலகர்கள். லெஸ்டர் ஆஷைம் 1953-இல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. தேர்வாளன் நூலை வைத்துக்கொள்வதற்குக் காரணம் தேடுகிறான், தணிக்கையாளன் விலக்குவதற்குக் காரணம் தேடுகிறான் என்பது அவர் கருத்தின் சாரம். ஆறாண்டுகளுக்குப் பின் மார்ஜரி ஃபிஸ்க் கலிபோர்னிய நூலகங்களில் நடத்திய ஆய்வு அவர்களை வெட்கப்பட வைத்தது. நூல் தேர்வில் ஈடுபட்டோருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர், நூலோ ஆசிரியரோ சர்ச்சைக்குரியர் என்பதற்காக வாங்காது விட்ட நிகழ்வுகள் உண்டு என ஒப்புக்கொண்டனர். வெளியிலிருந்து எவரும் தடுக்கவில்லை, தாமே தவிர்த்தனர்.

வெளிப்படையான தடை இதனினும் நேர்மையானது என்று கூறினால் மிகையாகாது. 1939-இல் ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' என்னும் நாவலைக் கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்ட ஆட்சிக் குழு தன் நூலகங்களிலிருந்து விலக்கியது. விலக்கியது வெளிப்படை ஆதலின், அம்மாவட்ட நூலகர் கிரெட்சன் நீஃப் அதனை எதிர்த்து எழுத முடிந்தது; 1941-இல் தடை நீங்கியது. அண்மைக் காலத்தில் 2012-இல் ஃபுளோரிடாவின் பிரிவார்டு மாவட்ட நூலகம் 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' நாவலை வாங்கி வைத்துப் பின்னர் திரும்பப் பெற்றது. தங்கள் தேர்வு விதிகளுக்கு அது பொருந்தவில்லை என்று காரணம் சொன்னது. 'காமசூத்திரம்' அதே நூலகத்தில் இருப்பதை மக்கள் சுட்டிக்காட்டினர். விதி எழுத்தில் இருந்ததால் அவ்விதி சமமாகக் கையாளப்படவில்லை என்று கேட்க இயன்றது. அவ்வாண்டு மே மாத இறுதியில் நாவல் அலமாரிக்குத் திரும்பியது. அந்நாவலின் நடை மிக மோசமானது என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. மோசமான நடையுள்ள ஏனைய நூல்கள் அங்கேயே இருந்தன என்பதே வாதம்.

சாட்சிக் கூண்டில் ஒரு பேராசிரியர்

இந்தியச் சூழலுக்கு மேனாட்டு எடுத்துக்காட்டுகள் பொருந்தா என்று கூறுவோருக்கு வங்காளத்திலேயே சான்று உள்ளது. சமரேஷ் பாசுவின் 'பிரஜாபதி' 1967-இல் 'தேஷ்' இதழின் பூசை மலரில் வெளிவந்தது. பூசை மலர் என்பது நம் தீபாவளி மலர் போன்றது, வீடுதோறும் செல்வது. நாவல் ஆபாசமானது என்று வழக்குத் தொடரப்பட்டது. கீழ்நீதிமன்றம் ஆசிரியருக்கும் பதிப்பாளருக்கும் தண்டனை விதித்தது. கல்கத்தா உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 1985-இல் உச்சநீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கொச்சைத்தன்மை வேறு, ஆபாசம் வேறு என்று அத்தீர்ப்பு வகுத்துக் காட்டியது. நாவல் வந்து அதுவரை 18 ஆண்டுகள் கடந்திருந்தன.

இவ்வழக்கில் நம் கவனத்திற்குரியவர் நீதிபதியல்லர். கீழ்நீதிமன்றத்தில் நாவலுக்காகச் சாட்சி சொன்ன புத்ததேவ போஸ். நவீன வங்கக் கவிதையின் முதன்மைக் கவிஞருள் ஒருவர். 1956-இல் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியத் துறையைத் தோற்றுவித்தவர். போதலேரையும் காளிதாசரையும் வங்கத்தில் பெயர்த்த அவர், மலர் இதழ் நாவல் ஒன்றுக்காகக் கூண்டேற நாணவில்லை. அதே துறையைச் சேர்ந்த நரேஷ் குகாவும் சாட்சி சொன்னார். தமிழ் வெகுசன நாவல் ஒன்றுக்கு இவ்வாறு நேர்ந்தால் எத்தனை துறைத்தலைவர்கள் முன்வருவர்?

சட்டமும் அன்றிருந்த இடத்தில் இன்றில்லை. 1964-இல் 'லேடி சாட்டர்லீஸ் லவ்வர்' நாவலை விற்ற கடைக்காரரின் தண்டனையை உச்சநீதிமன்றம் உறுதி செய்தபோது, எளிதில் கெடக்கூடிய மனங்களை நூல் கெடுக்குமா என்னும் ஆங்கிலேயர் கால அளவுகோலைக் கையாண்டது. 2014-இல் அவீக் சர்க்கார் வழக்கில் அவ்வளவுகோலைக் கைவிட்டு, படைப்பை முழுமையாகக் கொண்டு, சமகாலச் சமூகத்தின் மதிப்பீட்டால் அளக்க வேண்டும் என்றது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292-ஆம் பிரிவு இலக்கியத்தின் பொருட்டு வெளியாகும் நூலுக்கு விலக்களித்தது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-ஆம் பிரிவிலும் அவ்விலக்கு தொடர்கிறது. நூலை இடையில் புரட்டி, ஒரு பத்தியில் விரல் வைத்து, மூடி ஒதுக்கும் குழு உறுப்பினர் சட்டமே கைவிட்ட முறையைக் கையாள்கிறார். சட்டம் அனுமதிப்பதை எல்லாம் வாங்க வேண்டும் என்பதன்று இதன் பொருள். சட்டத்தைக் காட்டி அஞ்சுவதற்கு இடமில்லை என்பதே.

பணமும் பொறுப்பும்

எதிர்வாதங்களுள் வலியது பணம் பற்றியது. நிதி குறைவு, வெளியாகும் நூல்களோ மிகுதி, போட்டித் தேர்வு நூலுக்கும் குழந்தை நூலுக்கும் முதலிடம் தர வேண்டும் என்பர். உண்மை. கொல்கத்தாவில் 1972-இல் நிறுவப்பட்ட இராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை மாநிலங்களின் பங்குக்கு இணையாக நிதி தந்து உதவினும் எல்லாவற்றையும் வாங்க இயலாது. ஆனால் பணமின்மையால் விடுபட்ட நூலையும் அச்சத்தால் விடுபட்ட நூலையும் ஒரே மௌனத்தால் மூடினால், எதனை எதற்காக விட்டோம் என்று எவராலும் பிரித்தறிய முடியாது. பணமின்மை எனின் அவ்வாறே எழுதலாமே.

மற்றொரு வாதம் வெகுசன நாவல்களின் உண்மையான குறைகளைப் பற்றியது. சாதிப் பெயரை இழிவாகக் கையாளுதல், வன்புணர்ச்சியைக் காதலின் தொடக்கமாகக் காட்டுதல், கறுப்பு நிறத்தைக் குற்றவாளிக்குரிய அடையாளமாக்குதல் ஆகியவை இந்நாவல்களில் இல்லை என எவரும் சாதிக்க முடியாது. இவற்றுள் சிலவற்றை வாங்காது விடுவதே சரி என்னும் முடிவுக்கும் ஒரு குழு வரலாம். அம்முடிவை எழுதட்டும். "இந்நாவலின் மையம் வன்புணர்ச்சியை நியாயப்படுத்துகிறது, ஆகவே பரிந்துரைக்கவில்லை" என்று மூன்று வரி எழுதினால் அது திறனாய்வு. ஆசிரியர் மறுக்கலாம், வாசகர் மறுக்கலாம், மற்றொரு குழு மாற்றி எழுதலாம். 2008-இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் மாத நாவல்களின் ஆங்கிலத் தொகுப்பை, பிரீதம் சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் வெளியிட்டபோது, ஆங்கில வாசகர் அவற்றை ஆர்வத்துடன் வரவேற்றனர். தமிழில் குப்பையாக இருந்தது ஆங்கிலத்தில் பண்பாட்டு ஆவணம் ஆயிற்று. இதனைப் பெருமையாகக் கொள்வதா சிறுமையாகக் கொள்வதா என்பதைத் தமிழ்த்துறைகள் தமக்குள் பேசிக்கொள்வது நலம்.

2024-இல் தமிழ்நாடு அரசு நூற்கொள்முதலில் வெளிப்படைத்தன்மைக்கென ஒரு கொள்கையை வகுத்து, விண்ணப்பத்தை இணையவழிக்கு மாற்றியது. விலையும் வரிசையும் வெளிப்படையாவது பதிப்பகத்தாரின் நெடுநாள் கோரிக்கை, வரவேற்கத்தக்கது. அதே வெளிச்சம் உள்ளடக்கம் பற்றிய தீர்ப்பின் மீதும் விழுதல் வேண்டும். அதற்குப் புதிய சட்டம் வேண்டுவதில்லை. எவ்வகை நூல் எவ்வடிப்படையில் ஏற்கப்படும், எவ்வடிப்படையில் மறுக்கப்படும் என்னும் தேர்வுக் கொள்கை நான்கு பக்கங்களில் அச்சாகி ஒவ்வொரு கிளை நூலகத்திலும் தொங்க வேண்டும். ஒரு நூலைக் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான உறுப்பினர் எழுதிக் கேட்டால், குழு அதனை மீண்டும் பார்க்கக் கடமைப்பட வேண்டும். மறுக்கப்பட்ட நூல் ஒவ்வொன்றின் எதிரிலும் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்க வேண்டும். அக்கட்டம் வெறுமையாக இருந்தால் மறுப்பு செல்லாது. கட்டத்தின் கீழே கையொப்பம் வேண்டும். அங்குக் கையொப்பமிடுவோருள் தமிழ்ப் பேராசிரியர்களும் இருப்பர். ஆதலின் அந்நாவலை முதற்பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை அவர்கள் படித்திருக்கவும் வேண்டும்.